மூக்கும் முழியும்: கத்திக்கு முன் நான் போட்ட கணக்கு

மூக்கும் முழியுமாக இருக்கிறாள் என்று அக்காவைச் சொல்வார்கள். என்னை யாரும் அப்படிச் சொன்னதில்லை. நான் பத்தாம் வகுப்புப் படிக்கும்போது சித்தி ஒருமுறை, "இவன் மூக்கு அப்படியே அப்பாவைக் கொண்டிருக்கிறது, என்ன, கொஞ்சம் இடப்பக்கம் சாய்வு" என்றார். சொல்லிவிட்டு அவர் காபி கலக்கப் போய்விட்டார். நான் கண்ணாடியைத் தேடிப் போனேன். அங்கிருந்து திரும்பி வரப் பத்து வருஷத்துக்கு மேல் ஆயிற்று.

திருச்சியில் ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். இருபத்தாறு வயதில் என் ஒரு நாள் எப்படி இருந்தது என்று சொன்னால்தான் பின்னால் வரும் ஒப்பீடு புரியும். காலையில் குளியலறைக் கண்ணாடி முன் முக்கால் மணி நேரம். ஸ்கூட்டரின் பக்கக் கண்ணாடி சாலையைக் காட்டாது, என் முகத்தைக் காட்டும். அப்படித் திருப்பி வைத்திருந்தேன். ஏ.டி.எம். கதவில் ஒரு பார்வை. மதியம் டிபன் பாக்ஸ் மூடியில் ஒரு பார்வை, அதில் யார் மூக்கும் கத்தரிக்காய் மாதிரி உப்பித்தான் தெரியும் என்று தெரிந்திருந்தும். மேசை இழுப்பறையில் பதினைந்து சென்டிமீட்டர் எஃகு ஸ்கேல் ஒன்று கிடந்தது. இரவில் அதைப் புருவ மத்தியிலிருந்து மேலுதட்டுப் பள்ளம் வரை செங்குத்தாகப் பிடித்து, நுனி எவ்வளவு விலகியிருக்கிறது என்று அளந்து டைரியில் எழுதுவேன். சில நாள் இரண்டு மில்லிமீட்டர், சில நாள் மூன்று, ஒருநாள் நாலரை. எலும்பு நாளுக்கு நாள் நகராது. பிழை அளவையில் இருக்கிறது என்பது கணக்குப் பார்க்கிறவனுக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. நாலரை வந்த நாளன்று அலுவலகத்துக்கு விடுப்புச் சொன்னேன்.

கொரோனா காலம் எனக்குப் பொற்காலம். ஊரெல்லாம் முகக்கவசத்தைச் சபித்தது. நான் மட்டும் அது நீடிக்க வேண்டும் என்று உள்ளூர வேண்டிக்கொண்டேன். 2022-இல் எல்லாரும் கழற்றிவிட்ட பிறகும் நான் கழற்றவில்லை. பெண் பார்க்கப் போக வேண்டும் என்று அம்மா பேச்சை எடுத்தபோதுதான் அறுவைச் சிகிச்சை என்று முடிவு செய்தேன்.

அந்த ஆகஸ்டில் சென்னையில் ஓர் அழகுச் சிகிச்சை மருத்துவமனைக்குப் போனேன். பதினோரு நிமிடத்தில் ஆலோசனை முடிந்தது. ரூ.1,20,000, பத்து நாள் விடுப்பு, முன்பணம் ரூ.20,000 கட்டினால் அடுத்த மாதமே தேதி. செப்டம்பரில், விலையை ஒப்பிடுவதற்காகத்தான், மதுரையில் இன்னொரு பிளாஸ்டிக் சர்ஜனைப் பார்த்தேன். அவர் மூக்கைத் தொட்டுப் பார்த்தார், மூச்சை இழுத்து விடச் சொன்னார், பிறகு இரண்டு கேள்விகள் கேட்டார். "ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம் இதையே நினைக்கிறீர்கள்? மூக்கு நேரானால், இப்போது செய்ய முடியாத எதைச் செய்வீர்கள்?" முதல் கேள்விக்கு நாலு மணி நேரம் என்றேன், குறைத்துத்தான் சொன்னேன். இரண்டாவதற்கு எனக்குப் பதில் வரவில்லை. "தம்பி, நான் இதைச் செய்ய மாட்டேன். மனநல மருத்துவரைப் பாருங்கள். ஒரு வருஷம் கழித்தும் வேண்டும் என்று தோன்றினால் வாருங்கள், பேசுவோம்" என்று ஒரு சீட்டு எழுதித் தந்தார்.

திருச்சி வரும் வரை பஸ்ஸில் அவரை மனதுக்குள் திட்டிக்கொண்டே வந்தேன். அக்காவிடம் சொன்னதும் அவள் சிரித்தாள். "இரண்டு கட்சிக்காரர்கள் இரண்டு கணக்கு நீட்டினால் நீ என்ன செய்வாய்? உட்கார்ந்து எழுது."

பழைய பேரேடு ஒன்றில் பக்கத்துக்கு ஒரு வழி என்று எழுத ஆரம்பித்தேன். ஒவ்வொரு பக்கத்திலும் நாலு பத்தி பிரித்தேன்: செலவு, காலம், கைக்கு வருவது, பிடிக்காவிட்டால் பழைய இடத்துக்குத் திரும்ப முடியுமா. அந்த நாலாவது பத்திதான் கடைசியில் முடிவைச் செய்தது. கீழே இருப்பது அந்தப் பேரேடு. பின்னால் படித்தும் பட்டும் திருத்தியது.

கணக்கைத் தொடங்கும் முன்

என் அலுவலக நண்பர் ஒருவருக்குப் பைக் விபத்தில் மூக்கெலும்பு நொறுங்கியது. ஒரு பக்கம் மூச்சே போகாது. அறுவை செய்துகொண்டார். அவரிடம் மூக்கைப் பற்றிக் கேட்டால், இப்போது வாயை மூடிக்கொண்டு தூங்க முடிகிறது என்பதைப் பத்து நிமிடம் சொல்வார். கண்ணாடியில் கடைசியாக எப்போது பார்த்தீர்கள் என்றால், "காலையில் சவரம் செய்தபோது" என்பார். அவருக்குக் கத்தி சரியான வழி. இந்த வித்தை பிறந்ததும் அப்படிப்பட்டவர்களுக்காகத்தான். திப்பு சுல்தானுடன் நடந்த போரில் ஆங்கிலேயப் படைக்கு மாட்டுவண்டி ஓட்டிய கவாஸ்ஜி என்பவரின் மூக்கை அறுத்துவிட்டார்கள். புனேயில் நெற்றித் தோலை இறக்கி அவருக்குப் புது மூக்கு வைத்தார்கள். 1794-இல் லண்டன் பத்திரிகை ஒன்று அதைப் படத்துடன் வெளியிட்டது. அதைப் படித்த ஜோசப் கார்ப்யூ என்ற மருத்துவர் 1814-இல் லண்டனில் அதே முறையைச் செய்து பார்த்தார். ஆகவே பிளாஸ்டிக் சர்ஜரியே பாவம் என்று சொல்கிற கட்டுரை அல்ல இது. மூக்கில் தெளிவாகத் தெரியும் ஒரு மேடு பிடிக்கவில்லை, சரிசெய்துகொண்டு வேறு வேலையைப் பார்க்கப் போகிறேன் என்கிறவர்களோடும் எனக்குத் தகராறு இல்லை. அவர்களில் பெரும்பாலோர் திருப்தியாகவே இருக்கிறார்கள்.

என் கணக்கு வேறு. மற்றவர் கண்ணுக்குப் படாத, பட்டாலும் அற்பமான ஒரு குறை. அதைப் பற்றிய நினைப்பு ஒரு நாளில் ஒரு மணி நேரத்துக்கு மேல். அதைச் சுற்றிப் பார்ப்பது, அளப்பது, மறைப்பது, அடுத்தவருடன் ஒப்பிடுவது, சரியாக இருக்கிறதா என்று வீட்டில் கேட்டுக்கொண்டே இருப்பது என்று ஒரு சடங்குக் கூட்டம். அதனால் வேலையும் உறவும் கெடுவது. இவை ஒன்றுசேர்ந்தால் பாடி டிஸ்மார்ஃபிக் டிஸ்ஆர்டர் என்கிறார்கள், சுருக்கி பி.டி.டி. அமெரிக்க மனநல மருத்துவர்களின் நோய்க் கையேடு 2013-இல் இதை ஓ.சி.டி. என்கிற கட்டாய எண்ண நோயின் குடும்பத்தில் சேர்த்துவிட்டது. கையைத் திரும்பத் திரும்பக் கழுவுகிறவரும் மூக்கைத் திரும்பத் திரும்ப அளக்கிறவனும் ஒரே தெருக்காரர்கள்.

பெரியவர்களில் நூற்றுக்குச் சுமார் இரண்டு பேருக்கு இது இருக்கிறது. லண்டன் மனநல மருத்துவர் டேவிட் வீல் குழுவினர் பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்து 2016-இல் வெளியிட்ட கணக்கில், அழகுக்கான அறுவை கேட்டு வருகிறவர்களில் 13 சதவீதம். மூக்கு அறுவை கேட்டு வருகிறவர்களில் மட்டும் 20 சதவீதம். மூக்கு டாக்டரின் வரவேற்பறையில் ஐந்து நாற்காலி இருந்தால் ஒன்று எங்கள் ஆளுக்கு. ஆண், பெண் வித்தியாசமும் பெரிதாக இல்லை. "ஆண்பிள்ளை மூக்குக்காக அழுவானா?" என்று எங்கள் வீட்டில் கேட்டதுண்டு. 1920-களில் வியன்னாவில் ஃப்ராய்டின் பழைய நோயாளி ஒருவர், மருத்துவ ஏடுகளில் 'ஓநாய் மனிதர்' என்று பேர் பெற்றவர், சட்டைப்பையில் கண்ணாடி வைத்துக்கொண்டு நிமிடத்துக்கு நிமிடம் தன் மூக்கைப் பார்த்துக்கொண்டிருந்தார் என்று அவருக்குச் சிகிச்சை தந்த ரூத் மாக் பிரன்ஸ்விக் எழுதிவைத்திருக்கிறார். ஆண்பிள்ளைதான். என் ஸ்கூட்டர் கண்ணாடிக்கு ஒரு மூத்த அண்ணன் இருந்ததில் எனக்கு அற்ப சந்தோஷம்.

நான் பொய் சொல்லவில்லை, எனக்கு அது உண்மையிலேயே கோணலாகத் தெரிந்தது. இதை வீட்டில் இருப்பவர்கள் புரிந்துகொள்ள வேண்டும். லாஸ் ஏஞ்சலிஸில் ஜேமி ஃபியூஸ்னர் என்ற மருத்துவர் பி.டி.டி. உள்ளவர்களுக்கு முகப்படங்களைக் காட்டி மூளையைப் படம் பிடித்தார். முழு முகத்தை ஒரே வீச்சில் பார்க்க வேண்டிய இடத்திலும் அவர்கள் மூளை நுணுக்கங்களைப் பிடித்துத் தொங்கும் விதமாக வேலை செய்தது. என் தொழில் பாஷையில் சொன்னால், ஐந்தொகையைப் படிக்காமல் ஒரு வவுச்சரில் இருக்கும் அரை ரூபாய் வித்தியாசத்தை நாள் முழுதும் முறைத்துக்கொண்டிருக்கும் தணிக்கையாளன். இதற்கு மேல் கைபேசி வேறு. முகத்திலிருந்து ஓர் அடி தூரத்தில் எடுத்த செல்ஃபியில், ஐந்தடி தூரத்தில் எடுத்த படத்தைவிட மூக்கின் அடிப்பாகம் சுமார் 30 சதவீதம் அகலமாகத் தெரிகிறது என்று 2018-இல் அமெரிக்க மருத்துவர்கள் கணக்கிட்டுக் காட்டினார்கள். லென்ஸ் அருகில் இருப்பதைப் பெரிதாக்கும், அவ்வளவுதான். என் கைபேசியில் அப்படி 900 படங்கள் இருந்தன.

ஆகவே முதலில் நீங்கள் எந்தக் கணக்கில் இருக்கிறீர்கள் என்று பாருங்கள். நண்பரின் கணக்கா, என் கணக்கா? நண்பரின் கணக்கு என்றால் மீதியைப் படிக்காமலே நல்ல சர்ஜனைத் தேடிப் போகலாம். பிளாஸ்டிக் சர்ஜரியில் எம்.சி.எச். முடித்தவரா, மூக்கு அறுவை அவருக்கு வாடிக்கையான வேலையா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

முதல் பக்கம்: கத்தி

செலவு மேலே சொன்னதுதான். ஆனால் மருத்துவமனை சொல்லும் தொகை முதல் தவணை மட்டும் என்று எண்ணிக்கொள்வது நல்லது. மூக்கு அறுவையில் எவ்வளவு கைதேர்ந்தவரானாலும் ஒரு பகுதியினருக்கு இரண்டாவது அறுவை தேவைப்படுகிறது. இரண்டாவது முதலைவிடக் கடினம். உள்ளே தழும்பு விழுந்திருக்கும். நடுச்சுவரின் குருத்தெலும்பை முதல் தடவையே எடுத்திருந்தால் அடுத்த தடவை காதிலிருந்தோ விலா எலும்பிலிருந்தோ எடுக்க வேண்டிவரும்.

காலம்: முழு மயக்கம், ஒரு வாரம் கட்டு, கண்ணைச் சுற்றி நீலம் பாரித்தல். வேலைக்குத் திரும்பப் பத்து நாள் போதும். ஆனால் வீக்கம் முழுதும் வடிந்து, நுனி தன் கடைசி வடிவத்துக்கு வர ஒரு வருஷம் ஆகலாம். சாதாரண மனிதருக்கு இது ஒரு பொருட்டல்ல. ஸ்கேல் வைத்து அளக்கிறவனுக்கு? தினமும் உண்மையாகவே வடிவம் மாறிக்கொண்டிருக்கும் ஒரு மூக்கை ஒரு வருஷம் கையில் கொடுப்பது, குடிகாரரிடம் சாராயக் கடைச் சாவியைக் கொடுப்பது மாதிரி.

கைக்கு வருவது என்ற பத்தியில்தான் நான் அதிகம் திருத்தி எழுதினேன். முதலில் 'நேரான மூக்கு, நிம்மதி' என்று எழுதியிருந்தேன். நேரான மூக்கு கிடைக்கலாம். நிம்மதி? பி.டி.டி. உள்ளவர்கள் செய்துகொண்ட அறுவைகளையும் ஊசிகளையும் ஆராய்ந்த ஓர் அமெரிக்க ஆய்வு 2010-இல் வந்தது. கேனிஸ் கிரெராண்டும் காதரின் ஃபிலிப்ஸும் சேர்ந்து செய்தது. அந்தச் சிகிச்சைகளில் வெறும் 2.3 சதவீதம்தான் நோயில் நீடித்த முன்னேற்றத்தைத் தந்தன. சிலருக்கு ஓர் உறுப்பைப் பற்றிய நினைப்பு தணிந்து வேறோர் உறுப்புக்குப் போயிற்று. சர்ஜன்கள் பக்கத்திலிருந்தும் ஒரு கணக்கு உண்டு. 2002-இல் அமெரிக்க அழகு அறுவை மருத்துவர்களிடம் டேவிட் சார்வர் நடத்திய கேள்விப் பட்டியலில் 84 சதவீதம் பேர், நோய் இருப்பது அறியாமல் இப்படி ஒருவருக்கு அறுவை செய்துவிட்டுப் பிறகு தெரிந்துகொண்டதாகச் சொன்னார்கள். பத்தில் நாலு பேரை இத்தகைய நோயாளி வழக்குப் போடுவதாகவோ அடிப்பதாகவோ மிரட்டியிருக்கிறார். மதுரைக்காரர் என்னைத் திருப்பி அனுப்பியது என் நன்மைக்கு மட்டும் அல்ல என்று இதைப் படித்தபோதுதான் தோன்றியது. அதிலும் தப்பில்லை.

எதிர்க்கட்சியின் சாட்சியையும் சொல்லிவிடுகிறேன். லேசான, நடுத்தர அளவு பி.டி.டி. உள்ளவர்கள் மூக்கு அறுவைக்குப் பிறகு நன்றாக இருக்கிறார்கள் என்று 2014-இல் பிரேசிலிலிருந்து ஓர் ஆய்வு வந்தது. சிறிய ஆய்வு, ஆனாலும் ஆய்வு. அக்கா இதை வைத்து என்னிடம் ஒன்று கேட்டாள்: "நீ லேசா, நடுத்தரமா, முற்றியதா? யார் சொல்வது, நீயா?" மதுரையில் நாலு மணி நேரம் என்று குறைத்துச் சொன்னது ஞாபகம் வந்தது.

நாலாவது பத்தி: திரும்ப முடியாது.

ஆஸ்திரேலியாவில் 2023 ஜூலையிலிருந்து, அழகு அறுவை கேட்கும் ஒவ்வொருவருக்கும் பி.டி.டி. இருக்கிறதா என்று ஒரு கேள்வித்தாள் வைத்துச் சோதித்தே ஆக வேண்டும். குடும்ப மருத்துவரின் சீட்டு வேண்டும், இரண்டு ஆலோசனைகள் வேண்டும், ஒப்புதல் கொடுத்தபின் ஏழு நாள் காத்திருக்க வேண்டும். எனக்குச் சென்னையில் யாரும் கேட்கவில்லை, மதுரையில் கேட்டார்கள். நம்முடைய நிலைமைக்கு நீங்களே ஆஸ்திரேலியாவாக இருந்துகொள்ள வேண்டியதுதான்.

இரண்டாம் பக்கம்: ஊசி

அறுவை வேண்டாம், ஊசியால் மூக்கைச் சரிசெய்கிறோம் என்று சென்னையிலேயே இன்னொரு வழியும் சொன்னார்கள். ஃபில்லர் என்று பெயர். பெரும்பாலும் ஹையலூரோனிக் அமிலம். அரை மணி நேர வேலை, ஒரு வருஷத்தை ஒட்டிக் கரைந்துவிடும், பிடிக்காவிட்டால் இன்னொரு ஊசி போட்டுக் கரைக்கலாம். நாலாவது பத்தியில் இது கத்தியைவிட மேல் என்று தோன்றும். எனக்கும் தோன்றியது.

மூன்று விஷயங்களை யாரும் சொல்லவில்லை. ஃபில்லரால் சேர்க்க முடியும், குறைக்க முடியாது. பெரிய மூக்கு சிறியதாகாது, பள்ளம் நிரம்பி நேர்போலத் தெரியும். இரண்டாவது, முகத்தில் ஊசிக்கு மிக ஆபத்தான இடங்களில் மூக்கு ஒன்று. மருந்து ரத்தக் குழாய்க்குள் போய் அடைத்தால் தோல் அழுகலாம், அபூர்வமாகக் கண்பார்வையே போகலாம். அது கரைக்கும் ஊசிக்கும் பெரும்பாலும் திரும்பி வராது. மூன்றாவது என் போன்றவர்களுக்கு மட்டும்: கரையும் சரக்கு என்பதால் வருஷத்துக்கு ஒருமுறை அதே நாற்காலியில் போய் உட்கார வேண்டும். சடங்குகளுக்குக் குறைவில்லாத ஒருவனுக்கு, பணம் கட்டிச் செய்யும் புதுச் சடங்கு. இங்கிலாந்தில் 2021 அக்டோபரிலிருந்து 18 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு அழகுக்காக போட்டாக்ஸும் ஃபில்லரும் போடுவது குற்றம். பள்ளிப் பிள்ளைகளின் பெற்றோர் இதைக் குறித்துக்கொள்ளலாம்.

இந்தப் பக்கத்தைச் சீக்கிரமே அடித்துவிட்டேன்.

மூன்றாம், நாலாம் பக்கங்கள்: மாத்திரையும் பேச்சும்

மதுரைக்காரர் தந்த சீட்டோடு அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போனேன். முகக்கவசத்தோடுதான். வரிசையில் தெரிந்தவர் யாராவது இருக்கிறார்களா என்று பார்த்துக்கொண்டே நின்றதில் ஒன்றரை மணி நேரம் மூக்கை மறந்திருந்தேன். இதை மருத்துவரிடம் சொன்னபோது அவரும் சிரித்துவிட்டார்.

மாத்திரை என்றால் எஸ்.எஸ்.ஆர்.ஐ. வகை. மனச்சோர்வுக்கும் ஓ.சி.டி.க்கும் கொடுப்பதே. செலவு: அரசு மருத்துவமனையில் இலவசம், வெளியே வாங்கினாலும் ஒரு காப்ஸ்யூல் சில ரூபாய்தான். காலம்: உடனே வேலை செய்யாது, மூன்று மாதம் வரை பொறுக்க வேண்டும், மனச்சோர்வுக்குத் தருவதைவிடக் கூடுதல் அளவு தேவைப்படுவதுண்டு. கைக்கு வருவது: காதரின் ஃபிலிப்ஸ் 2002-இல் வெளியிட்ட சோதனையில் 67 பேரில் பாதிப் பேருக்கு ஃபுளுவாக்செடினும் மீதிப் பேருக்கு வெற்று மாத்திரையும் 12 வாரம் கொடுத்தார்கள். மருந்து பெற்றவர்களில் 53 சதவீதம் பேருக்குப் பலன், வெற்று மாத்திரையில் 18 சதவீதம். முழுத் தீர்வு என்று இதைச் சொல்ல முடியாது. ஆனால் 2.3 பக்கத்தில் 53-ஐ வைத்துப் பாருங்கள்.

திரும்ப முடியுமா? முடியும். மருத்துவர் சொல்கிற படிக்குக் குறைத்து நிறுத்தலாம். நாமாகத் திடீரென்று நிறுத்தக் கூடாது. எனக்கு முதல் இரண்டு வாரம் குமட்டல், ஓயாத கொட்டாவி. தாம்பத்திய ஆசை குறைவதும் உண்டு. கல்யாணம் ஆகாதவர்களிடம் இதைச் சொல்ல மருத்துவர்களே கூச்சப்படுகிறார்கள், நீங்கள் கேட்டுவிடுங்கள். 25 வயதுக்குக் குறைந்தவர்கள் என்றால் முதல் சில வாரங்கள் வீட்டில் ஒருவர் கூடக் கவனமாக இருக்க வேண்டும். தற்கொலை எண்ணம் கூடுகிறதா என்று பார்க்கச் சொல்வார்கள்.

பேச்சுச் சிகிச்சையை காக்னிட்டிவ் பிஹேவியர் தெரபி என்கிறார்கள், சுருக்கி சி.பி.டி. பேச்சு என்ற சொல் தவறான எண்ணத்தைத் தருகிறது. சாய்வு நாற்காலியில் படுத்துக் குழந்தைப் பருவத்தைச் சொல்வது அல்ல. வீட்டுப்பாடம் உள்ள டியூஷன். எனக்கு அமைந்த உளவியலாளர் முதல் வாரமே ஸ்கேலை வாங்கி வைத்துக்கொண்டார். இரண்டாவது வாரம் ஆளுயரக் கண்ணாடியிலிருந்து மூன்றடி தள்ளி நிற்கச் சொன்னார். "உச்சியிலிருந்து பாதம் வரை, தெரிவதை மட்டும் சொல்லுங்கள்."

"முடி கறுப்பு. நெற்றியில் அம்மைத் தழும்பு ஒன்று. புருவம் அடர்த்தி. மூக்கு கோணல்."

"கோணல் என்பது தீர்ப்பு. தெரிவதைச் சொல்லுங்கள்."

வெகுநேரம் நின்றேன். "மூக்கு. மாநிறம். துவாரம் இரண்டு."

"சரி, கீழே போங்கள்."

பத்து வருஷத்தில் முதல்முறையாக மூக்கைத் தாண்டி மீசைக்கு வந்தேன். மீசையை ஒதுக்கி நாளாகியிருந்தது.

ஐந்தாவது வாரம் முகக்கவசம் இல்லாமல் சத்திரம் பேருந்து நிலையத்தில் பத்துப் பேரிடம் வழி கேட்க வேண்டும். எத்தனை பேர் மூக்கைப் பார்ப்பார்கள் என்று முன்கூட்டியே எழுதித் தர வேண்டும். எட்டு என்று எழுதினேன். பத்துப் பேரும் கையை நீட்டித் திசையைக் காட்டினார்கள். பூக்கார அம்மா ஒருவர் மட்டும் என்னை ஏற இறங்கப் பார்த்தார். போச்சு என்று நினைத்தேன். "தம்பி, சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டிருக்கிறாய்" என்றார்.

அக்காவுக்கும் பாடம் இருந்தது. மூக்கு சரியாக இருக்கிறதா என்று நான் கேட்கும்போதெல்லாம், நன்றாகத்தானே இருக்கிறது என்று அவள் சொல்லிவந்தாள். அந்த ஆறுதல்தான் சடங்குக்கு எண்ணெய் ஊற்றியிருக்கிறது. இனி பதில் சொல்ல மாட்டேன் என்று சொல்லிவிட வேண்டும். முதல் வாரம் வீட்டில் பெரிய சண்டை. அம்மாவால் முடியவே இல்லை. சமையலறையிலிருந்தபடியே, "ராஜா மாதிரி இருக்கிறாய்" என்று குரல் கொடுத்துவிடுவார்.

செலவு: ஒரு அமர்வு ரூ.1,200, இருபத்து நாலு அமர்வு, மொத்தம் ரூ.28,800. கத்தியின் கால் பங்கு. காலம் ஆறு மாதம். சாபின் வில்ஹெல்ம் குழுவினர் 2019-இல் வெளியிட்ட அமெரிக்கச் சோதனையில் 120 பேர். பாஸ்டனிலும் ரோட் ஐலண்டிலும் சி.பி.டி. பெற்றவர்களில் ஐந்தில் நாலு பேருக்கு மேல் முன்னேற்றம் கண்டார்கள். சும்மா ஆதரவாகப் பேசும் சிகிச்சையைவிட அது ரோட் ஐலண்டில் தெளிவாக மேலாக இருந்தது, பாஸ்டனில் இடைவெளி குறைவு. நல்ல மருத்துவமனையில் ஆதரவான பேச்சும் ஓரளவு வேலை செய்கிறது என்று நான் இதை வாசித்தேன்.

மாத்திரையா, பேச்சா? சிகிச்சை வழிகாட்டிகளை வெளியிடும் பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2005-இலேயே இரண்டையும் பரிந்துரைத்துவிட்டது. லேசான நிலைக்கு சி.பி.டி.யில் தொடங்கலாம், கடுமையானால் இரண்டும் சேர்த்து. புத்தகத்தில் அப்படி. நம் மாவட்டங்களில் இந்தக் கேள்வியைத் தீர்ப்பது வேறு விஷயம்: சி.பி.டி.யை முறைப்படி, அதிலும் தமிழில் செய்யத் தெரிந்தவர் பக்கத்தில் இருக்கிறாரா என்பது. மாத்திரை எல்லா ஊரிலும் கிடைக்கும், ஆள் கிடைப்பதில்லை. ஆள் இல்லையென்றால் மாத்திரையில் தொடங்கிவிட்டு, வீடியோ வழியாகப் பார்க்கும் உளவியலாளரைத் தேடுவது என்பேன். ஸ்வீடனில் 94 பேருக்கு இணையம் வழியாகவே 12 வாரம் இந்தப் பயிற்சியைக் கொடுத்துப் பலன் கண்டிருக்கிறார்கள், 2016-இல். ஆள் இருந்து, நோய் வேலையைத் தின்னும் அளவுக்கு முற்றாமலும் இருந்தால், பேச்சையே முதலில் எடுங்கள். கற்றது கையோடு தங்குகிறது. நான் இரண்டையும் எடுத்தேன். எது எத்தனை சதவீதம் வேலை செய்தது என்று பிரித்துச் சொல்ல என்னால் முடியாது.

அம்மா எழுதச் சொன்ன பக்கம்

ஐந்தாவது வழி கல்யாணம். ஒரு கால்கட்டுப் போட்டால் எல்லாம் சரியாகிவிடும். செலவு எல்லாவற்றையும்விட அதிகம், நாலாவது பத்தியும் கத்திக்குச் சமம், கூடவே இன்னொருவர் வாழ்க்கை. கண்ணாடிக்குப் பதில் மனைவியிடம் போய் தினம் நாற்பது தடவை மூக்கைப் பற்றிக் கேட்டிருப்பேன்.

சும்மா இருப்பதும் ஒரு வழிதான், பலரும் எடுப்பது. தானாகப் போகிற நோய் அல்ல இது என்பதால் அதை நான் வழியாகவே எண்ணவில்லை. பி.டி.டி. உள்ளவர்களில் தற்கொலை எண்ணம் வருகிறவர்கள் மிக அதிகம். எனக்கும் ஒரு கெட்ட வாரம் இருந்தது, அதைப் பற்றி இங்கே விரித்து எழுதவில்லை. 14416 என்ற டெலிமானஸ் எண்ணில், அரசின் மனநல உதவித் தொலைபேசியில், தமிழிலேயே, எந்த நேரமும், இலவசமாகப் பேசலாம். அக்கா அதைக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் எழுதி ஒட்டியிருந்தாள். பால்காரர் எண்ணுக்குக் கீழே.

பேரேட்டின் கடைசி வரி

ஐந்து பக்கங்களையும் எதிரெதிரே வைத்துப் பார்த்தபோது ஒரு விஷயம் தெரிந்தது. மாத்திரையும் பேச்சும் எடுத்துவிட்டு, அப்போதும் வேண்டுமென்றால் கத்திக்குப் போகலாம். மூக்கு அங்கேயே இருக்கும், சர்ஜனும் இருப்பார். கத்தியை முதலில் எடுத்தால் அந்த வரிசையைத் தலைகீழாக மாற்ற முடியாது. ஆகவே கத்தி வேண்டாம் என்று நான் முடிவு செய்யவே இல்லை. ஒரு வருஷத்துக்குத் தள்ளிவைத்தேன். வேண்டவே வேண்டாம் என்று யாராவது சத்தியம் வாங்கியிருந்தால் அடுத்த நாளே சென்னைக்குப் பஸ் ஏறியிருப்பேன். உங்கள் வீட்டில் இப்படி ஒருவர் இருந்தால் சத்தியம் கேட்காதீர்கள், தேதியைக் கேளுங்கள்.

என் தேதி 2023 செப்டம்பர் 20. கைபேசியில் நினைவூட்டல் வைத்திருந்தேன்: 'மதுரை, மூக்கு'. அந்த மாதம் 30-ஆம் தேதி வரித் தணிக்கை அறிக்கைகளுக்குக் கெடு. அலுவலகத்தில் தலைக்கு மேல் கோப்புகள். நினைவூட்டல் அடித்தபோது ஒரு கட்சிக்காரரின் சரக்கு இருப்பு இடித்துக்கொண்டிருந்தது. எரிச்சலோடு அதை அணைத்தேன். தீபாவளி முடிந்து இழுப்பறையைச் சுத்தம் செய்தபோது மதுரைக்காரர் எழுதித் தந்த சீட்டு கையில் கிடைத்தது. அப்போதுதான் தேதி போய் ஏழெட்டு வாரம் ஆகிவிட்டது என்று கவனித்தேன்.

மூக்கு இன்னும் கொஞ்சம் இடப்பக்கம் சாய்ந்துதான் இருக்கிறது. சித்தி சொன்னது உண்மைதான். ஒரு நாளில் பத்து, பதினைந்து நிமிடம் அதை நினைக்கிறேன். தூக்கம் கெட்ட நாளில் கொஞ்சம் கூட. ஸ்கேலை உளவியலாளர் கடைசி அமர்வில் திருப்பித் தந்துவிட்டார். பேரேட்டில் கோடு போட உதவுகிறது.